பட்டினி கிடந்த இருதயம்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. "அவன் இருதயம் ஒரு கணம் நின்றது" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். நானும் எத்தனையோ பேருடைய இருதயத்தை இப்படி நிறுத்தியிருக்கிறேன். மறுபடி ஓட வைக்கும் பொறுப்பு எனக்கு இருந்ததில்லை. அந்தப் பொறுப்பை மெய்யாகவே ஏற்றுக்கொண்ட ரண சிகிச்சை டாக்டர்களின் சரித்திரம் என்னுடைய நாவல்களைவிட விறுவிறுப்பானது.

1953-ம் வருஷம் மே மாதம் 6-ம் தேதி, பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன், 18 வயதுப் பெண் ஒருத்தியின் இருதயத்திலிருந்த துவாரத்தை அடைத்தார். 26 நிமிஷ நேரம் இருதயமும் சுவாசப்பையும் செய்ய வேண்டிய வேலையை ஒரு யந்திரம் செய்தது. யந்திரம் உடம்பைக் காப்பாற்றும், சரி. ஆனால் துடிக்கிற இருதயத்தில் எப்படித் தையல் போடுவது? ஓடுகிற குதிரைக்கு லாடம் அடிக்கிற காரியம் அல்லவா?

லண்டனில் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டெனிஸ் மெல்ரோஸ் 1955-ல் ஒரு வழி சொன்னார். இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயைக் கிடுக்கியால் இறுக்கிவிட்டு, அதன் அடியில் பொட்டாசியம் சிட்ரேட் கலந்த ரத்தத்தைச் செலுத்தினால், இருதயம் சாதுவாக நின்றுவிடும். கிடுக்கியை எடுத்தால் மறுபடி துடிக்கும். அடுத்த வருஷமே அமெரிக்காவில், கிளீவ்லாந்தில், நோயாளிகளுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். பிறகு சில இடங்களிலிருந்து கெட்ட செய்தி வந்தது: சிகிச்சைக்குப் பின் இறந்தவர்களின் இருதயத் தசை திட்டுத் திட்டாகச் செத்துக் கிடந்தது. 1960 வாக்கில் பொட்டாசியத்தைக் கைவிட்டார்கள்.

மெல்ரோஸிடம் எனக்கு அனுதாபம் உண்டு. அவர் யோசனை சரி, அளவுதான் அதிகம். 1973-ல் கே, ஏபர்ட் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், நீர்த்த பொட்டாசியக் கரைசலால் நாய்களின் இருதயத்தை ஒரு மணி நேரம் சேதமில்லாமல் நிறுத்திக் காட்டினார்கள். இடையில் கழிந்த பதின்மூன்று வருஷங்களில் நோயாளிகளின் கதி என்ன? சிலர் இருதயத்தைச் சுற்றிக் குளிர்ந்த உப்பு நீரை ஊற்றினார்கள். சிலர் கிடுக்கியைப் போட்டுவிட்டுக் கையை வேகமாக ஓட்டினார்கள். ஹூஸ்டன் நகர டாக்டர் டென்டன் கூலி 1972-ல் வர்ணித்த ஒரு காட்சியை எந்த நாவலாசிரியனாலும் மறக்க முடியாது. சிகிச்சை முடிந்தும் இருதயம் துடிக்கவில்லை. மூடிய முஷ்டி போல் இறுகிக் கிடந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'கல் இருதயம்'.

இன்னொரு மர்மமும் இருந்தது. கிடுக்கி போட்டிருக்கும்போது இருதயத் தசை பட்டினி கிடக்கிறது. ரத்தம் திரும்பினால் பசி தீர வேண்டியதுதானே? ராபர்ட் ஜென்னிங்ஸ் 1960-ல் நாய்களிடம் பார்த்தது வேறு. நெடுநேரம் பட்டினி கிடந்த தசையில், ரத்தம் திரும்பிய சில நிமிஷங்களிலேயே சேதம் விசுவரூபம் எடுத்தது.

இது நம் பாட்டிமார்களுக்குப் புதிதல்ல. பத்து நாள் லங்கணம் கிடந்து எழுந்தவனுக்கு முதலில் கஞ்சித் தண்ணீர்தான் கொடுப்பார்கள்; விருந்து வைக்கமாட்டார்கள். பட்டினியால் சோர்ந்த அணுவின் வாசலில் காவல் தளர்ந்திருக்கிறது. ரத்தம் வந்ததும் கால்ஷியம் வெள்ளமாய் உள்ளே புகுந்து, தசை நார்களை முறுக்கிவிடுகிறது. உயிர் தர வந்த பிராணவாயுவிலும் ஒரு பகுதி கொடிய உருவெடுத்து அணுவின் சுவரையே அரிக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஜெரால்ட் பக்பர்க் கையாண்டது ஏறக்குறைய பாட்டியின் பத்தியம்தான். கிடுக்கியை எடுப்பதற்கு முன், கால்ஷியம் குறைத்து, குளூட்டமேட்டும் அஸ்பார்ட்டேட்டும் சேர்த்த வெதுவெதுப்பான ரத்தத்தை மெல்லிய அழுத்தத்தில் இருதயத்துக்குள் விடுவது. பிறகே முழு ரத்தம்.

1986-ல் ஜென்னிங்ஸ் கூட்டத்தார் இன்னொரு அதிசயம் கண்டார்கள். நாயின் இருதய ரத்தக் குழாயை முன்கூட்டியே ஐந்து ஐந்து நிமிஷமாக நான்கு தடவை அடைத்துத் திறந்தால், பின்பு வரும் நாற்பது நிமிஷ அடைப்பில் சேதம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது! பட்டினிக்கும் ஒத்திகை! அப்படியானால் கையில் பட்டை கட்டி இறுக்கித் தளர்த்தினாலே இருதயம் பாடம் கற்றுக்கொள்ளுமா என்று, ரண சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களிடம் சோதித்தார்கள். பிரிட்டனில் 1,612 பேர், ஜெர்மனியில் 1,403 பேர். 2015-ல் இரண்டு முடிவுகளும் வெளிவந்தன. பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.