வெந்நீர்க் கிணறும் ராஜராஜப் பெரும்பள்ளியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பான் என்று என்னைப் பற்றி மாணவர்கள் சொல்வதுண்டு. இப்போது மணி அடிக்க ஆளில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்த பிறகு (2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது) நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இலங்கை போய் வருகிறார்கள். திருக்கடையூரிலிருந்து நாகை 40 கிலோமீட்டர்தானே. போகிறவர்கள் என்னிடம் கேட்பது: "சார், திருகோணமலையில கோணேஸ்வரம் தவிர வேற என்ன பாக்கலாம்?" ஒரு நாளைக்கு வண்டியும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பாருங்கள், ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள் என்று சொல்வேன். ஏன் அதோடு திரும்பக் கூடாது என்பதுதான் இந்தப் பதிவு.

கன்னியா திருகோணமலை நகரத்திலிருந்து அநுராதபுரம் போகும் சாலையில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். மொத்தம் ஏழு கிணறுகள். கிணறு என்றதும் நம் ஊர்க் கிணற்றை நினைக்க வேண்டாம். சதுரமாகக் கட்டிய தொட்டிகள் மாதிரி, மூன்று நான்கு அடி ஆழம்தான். அடியில் தரை தெரியும். உள்ளே இறங்கக் கூடாது. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். எங்களைக் கூட்டிப்போன தம்பி ஒவ்வொன்றாகக் கைகாட்டி, "ஐயா, இதில சூடு கூட, அங்கால உள்ளதில கொஞ்சம் குறைவு. அம்மா முதல்ல குறைஞ்சதில ஊத்தட்டும்" என்றார். என் மனைவி அவர் பேச்சைக் கேட்கவில்லை. நேராகச் சூடு கூடின கிணற்றுக்கே போய் மொண்டு ஊற்றிக்கொண்டு, முழங்கால் வலி போன மாதிரி இருக்கிறது என்றார். இருக்கலாம்.

இந்தச் சூடு எரிமலைச் சூடு அல்ல. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது, அவ்வளவுதான். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். இது நம் வயலுக்கு அடியிலும் உண்டு. நரிமணத்தில் எண்ணெய்க்காகத் துளை போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம்மிடம் இல்லாதது அந்தத் தண்ணீர் தானாக மேலே வர வாகான பாறை வெடிப்பு. காவேரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும் களியும் அத்தனை ஆழத்துக்குப் படிந்து கிடக்கின்றன. இலங்கையில் கன்னியா தவிர மகாஓயா, மகாபெலஸ்ஸ போன்ற இடங்களிலும் இப்படி ஊற்றுகள் இருக்கின்றன. கன்னியாவில் சுமார் 40 டிகிரிதான், குளிக்கத் தோதான சூடு. 1816 முதல் 1820 வரை இலங்கையில் ராணுவ மருத்துவராக இருந்த ஜான் டேவி இங்கே வெப்பமானியை இறக்கி அளந்து, 1821இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு கண்டுபிடித்த ஹம்ப்ரி டேவியின் தம்பி இவர்.

விஞ்ஞானம் ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. வரலாறு அப்படி முடியாது.

தமிழர்கள் சொல்லும் கதை ராவணன் கதை. தாயார் சிவபூசைக்காகக் கோணமலையைப் பெயர்க்கப் போன ராவணனிடம், திருமால் முதியவர் வேடத்தில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று சொல்கிறார். ராவணன் அம்மாவுக்கு ஈமக்கடன் செய்யத் தண்ணீர் தேடி, ஏழு இடத்தில் நிலத்தைக் குத்துகிறான். ஏழிலும் வெந்நீர் வருகிறது. அதனால்தான் அந்தப் பக்கத்துச் சைவர்கள் இறந்தவர்களுக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியாவில் வந்து செய்யும் வழக்கம் ஏற்பட்டது. நான் இதைக் கேட்டதும் நம் ஊரை நினைத்துக்கொண்டேன். இங்கே காலனை உதைத்த சன்னிதியில் அறுபதும் எண்பதும் நிறைந்தவர்கள் மறுபடி மாலை மாற்றிக்கொள்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், காலன் கொண்டுபோனவர்களுக்கு வெந்நீரில் கடன் கழிக்கிறார்கள். சீர்காழிப் பிள்ளை கடவூரையும் பாடியிருக்கிறார், கோணமலையையும் பாடியிருக்கிறார். நடுவில் உள்ள கடலை ஒரு பொருட்டாகவே அவர் நினைக்கவில்லை போலும்.

இன்னொரு கதையும் அங்கே உண்டு. தொல்லியல் திணைக்களத்தின் கணக்கில் கன்னியா அநுராதபுரக் காலத்துப் பௌத்த மடத்தோடு சேர்ந்த இடம். 2011இல் அது பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. கிணறுகளுக்குப் பக்கத்தில் பழைய பிள்ளையார் கோயில் ஒன்று இருந்தது. அதன் அடித்தளம் இருந்த மேட்டில் தாதுகோபம் கட்டப்போகிறார்கள் என்று 2019 ஜூலையில் தமிழர்கள் திரண்டு போராடினார்கள். அவர்கள்மேல் சூடான தேநீர் ஊற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. வெந்நீர் ஊறும் இடத்தில் மனிதர்களுக்கு அந்தச் சூடு போதவில்லை. அதே மாதம் திருகோணமலை நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

ஆக, நீங்கள் எந்த வழிகாட்டியோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதே ஏழு கிணறுகளுக்கு வேறு வேறு சொந்தக்காரர்கள் கிடைப்பார்கள். தமிழ் வழிகாட்டி ராவணனைச் சொல்வார். தெற்கிலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்கு விகாரையைச் சொல்வார்கள். வெந்நீரைக் காட்டுகிறவரின் கையில்தான் அந்த இடத்தின் வரலாறு இருக்கிறது.

இது இலங்கைக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்கக் கூடாது. உலகத்தின் முதல் தேசியப் பூங்காவே வெந்நீருக்காக ஏற்பட்டதுதான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன், 1872 மார்ச் 1. உலகில் உள்ள வெந்நீர்ப் பீச்சுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. இன்றைக்கு வண்டியும் வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு ஒரு நாளில் சுற்றி வரலாம். ஆரம்பக் காலத்தில் அங்கே வந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட கதை என்ன தெரியுமா? செவ்விந்தியர்கள் இந்த வெந்நீர்ப் பீச்சுகளைப் பேய் என்று பயந்து இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்பது. 1877 முதல் 1882 வரை பூங்காவின் பொறுப்பாளராக இருந்த பிலிடஸ் நாரிஸ் இதை எழுத்திலேயே பரப்பினார். ஏன் பரப்ப வேண்டியிருந்தது என்று பாருங்கள். அவர் பொறுப்பேற்ற 1877இலேயே, ராணுவம் துரத்த, நெஸ் பெர்ஸ் இனத்தார் பெண்டு பிள்ளைகளோடு அந்தப் பூங்காவுக்குள் புகுந்து கடந்து போனார்கள். சுற்றுலா வந்தவர்கள் சிலரைப் பிடித்தார்கள், சுட்டார்கள். தங்கம் தேடித் திரிந்த வெள்ளைக்காரர் ஒருவரைப் பிடித்துத் தங்களுக்கே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள்! வெந்நீர்ப் பீச்சுக்குப் பயந்தவர்கள் செய்கிற காரியமா இது? பயம் வந்தது சுற்றுலாப் பயணிகளுக்குத்தான். அந்தப் பயத்தைத் தெளிவிக்க, "அவர்கள் இங்கே வரவே மாட்டார்கள்" என்ற கதை வசதியாக இருந்தது. உண்மையில் ஷோஷோனி இனத்தில் ஒரு பிரிவினர் மலையாட்டை வேட்டையாடிக்கொண்டு அந்த மலைகளிலேயே வாழ்ந்தவர்கள். அங்கே உள்ள கறுப்புக் கண்ணாடிப் பாறையை ஆயுதம் செய்ய வெட்டி எடுத்த வரலாறு 11,000 ஆண்டு பழையது. அந்த மக்களை வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் இங்கே இருந்ததே இல்லை என்று வந்தவர்களுக்குச் சொன்னார்கள்.

நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே ஆரம்பம் முதல் வழிகாட்டிகள் மாவோரிப் பெண்கள். சோபியா என்ற வழிகாட்டி, 1886 ஜூன் 10 அன்று தாராவேரா எரிமலை வெடித்தபோது தன் வீட்டில் 60 பேர் அளவுக்கு அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றினார். ஊர் புதைந்த பிறகு ரோட்டோருவாவின் வெந்நீர் ஊற்றுகளுக்கு வந்து அங்கே வழிகாட்டினார். அவருக்கு அடுத்த தலைமுறை மேகி பாப்பகுரா. 1901இல் இங்கிலாந்து இளவரசர் தம்பதி வந்தபோது ஊற்றுகளைச் சுற்றிக் காட்டியவர் இவர். பிறகு ஆக்ஸ்போர்டுக்குப் போய் மானுடவியல் படித்து, தன் மக்களின் வாழ்க்கையைப் பற்றியே எழுதினார். 1930இல் இறந்தார், புத்தகம் 1938இல் வந்தது. சொந்த அடுப்படியைக் காட்டுகிற மாதிரி காட்டினார்கள் அந்தப் பெண்கள். மாவோரிகள் அந்த வெந்நீரில்தான் சமைத்தார்கள், குளித்தார்கள், குழந்தை வளர்த்தார்கள். அதை யாரும் பேய் என்று சொல்லிவிட முடியவில்லை.

கன்னியாவுக்கு வருவோம். எங்கள் தம்பியிடம், "இங்கிருந்து நாதனார் கோயில் போக முடியுமா?" என்று கேட்டேன். அவர் ஒரு கணம் தயங்கினார். "அது சிங்கள ஆக்கள் போற விகாரை ஐயா" என்றார். எனக்கு அங்கேதான் போக வேண்டும் என்றேன். கன்னியாவிலிருந்து மேலும் சில கிலோமீட்டர், பெரியகுளத்துப் பக்கம், காட்டை ஒட்டிய இடம். சிங்களத்தில் வெல்கம் விகாரை. அந்தப் பக்கத்துத் தமிழர் வாயில் நாதனார் கோயில்.

செங்கல் தாதுகோபத்தின் மிச்சம், நின்ற கோலத்தில் ஒரு புத்தர், சிலைமனையின் கல் அடித்தளம். அடித்தளத்தைப் பார்த்ததும் நம் ஊர்க் கோயில் பழகிய கண்ணுக்கு விளங்கிவிடும்: அந்தக் கல் வரிசைகளில் திராவிடக் கட்டடச் சாயல் இருக்கிறது. 1953இல் பரணவிதான தலைமையில் தொல்லியல் திணைக்களம் இங்கே அகழ்ந்தது. கிடைத்தவை தமிழ்க் கல்வெட்டுகள். ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தவை. விகாரைக்கு அப்போது வழங்கிய பெயர் ராஜராஜப் பெரும்பள்ளி. நந்தா விளக்குக்கும் கால்நடைக்கும் காசுக்குமாகக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழ்ப் பெயர்கள். சோழர் 993இல் அநுராதபுரத்தைப் பிடித்து, 1070 வரை ஆண்ட காலத்தில், இந்த விகாரை சோழச் சக்கரவர்த்தியின் பேரைத் தாங்கி, தமிழ் பேசும் பௌத்தர்கள் விளக்கேற்றிய இடமாக இருந்திருக்கிறது. விகாரை சோழருக்கு முந்தியது. அவர்கள் இடிக்கவில்லை, வளர்த்தார்கள்.

தம்பி அசந்துபோனார். "தமிழ் ஆக்கள் பௌத்தமா ஐயா?" என்று இரண்டு முறை கேட்டார். அவருக்கு நான் நாகப்பட்டினத்தைச் சொன்னேன். அங்கிருந்து கப்பலேறித்தானே வந்தோம்! ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பேரில் நாகையில் கட்டிய சூடாமணி விகாரைக்கு, ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். கீழ்வேளூர்ப் பக்கத்து ஆனைமங்கலம். தஞ்சையில் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்கள். ராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் உறுதிசெய்தான். லெய்டன் செப்பேடுகள் என்று அதைத்தான் சொல்கிறோம். நாகையிலும் ராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் உண்டு. கடலின் இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று.

நாகை விகாரையின் மிச்சக் கோபுரத்தை ஏசு சபையார் அரசு அனுமதியோடு 1867இல் இடித்தார்கள். அந்த வட்டாரத்தில் தோண்டும்போதெல்லாம் கிடைத்த புத்தர் செம்புச் சிலைகள் 350 அளவுக்கு; எழும்பூர் அருங்காட்சியகத்தில் பலவற்றைப் பார்க்கலாம். நாகையில் நின்று கேட்டால் விகாரை எங்கே இருந்தது என்று காட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். நம் பாடப் புத்தகத்தில் அதற்கு ஒதுக்கியிருந்தது ஒரே வரி. நான் முப்பது வருடம் அந்த வரியை நடத்தினேன், பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வியாக.

கன்னியாவில் சண்டை போடும் இரண்டு தரப்புக்குமே இந்த நாதனார் கோயில் தொந்தரவு. பௌத்தம் என்றால் சிங்களம் மட்டும்தான் என்பவருக்கு அந்தத் தமிழ்க் கல்வெட்டு தொந்தரவு. தமிழன் என்றால் சைவன் மட்டும்தான் என்பவருக்கு அந்த நின்ற புத்தர் தொந்தரவு. இதைச் சொல்வதால், 2019இல் பிள்ளையார் கோயிலுக்காக நின்றவர்களின் நியாயத்தை நான் குறைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பல தலைமுறை அப்பா அம்மாவுக்குக் கடன் கழித்த இடத்தில், நீ இங்கே புதிதாக வந்தவன் என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் வயிறு எரியும். அந்தப் பொய்க்குச் சரியான பதில் சில கிலோமீட்டர் தள்ளிக் கல்லில் வெட்டிக் கிடக்கிறது. நம் ஆட்களே அங்கே போவதில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. கன்னியாவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிய பிறகு வெந்நீரில் குளிக்க யாருக்கும் மனம் வராது. வண்டி பேசும்போதே வழிகாட்டியிடம் "நாதனார் கோயில்" என்று சொல்லிவையுங்கள். "வெல்கம் விகாரை" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டில் ஒரு பெயர்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.