நாய் போட்ட ரோட்டில் சைக்கிள்

இப்போ அலாஸ்கா, யூகான் பக்கம் சைக்கிள் டூர் போனா கூடவே வழிகாட்டி வருவார். சாப்பாடு, கூடாரம், ஸ்பேர் டியூப் எல்லாம் பின்னால் வேனில் வரும். 1900-ல் அதே பக்கம் சைக்கிள் மிதிச்சவங்களுக்கு வழிகாட்டி எது தெரியுமா? பனியில் விழுந்த ஒரு கோடு!

1899-ல் அலாஸ்காவின் நோம் கடற்கரை மணலிலேயே தங்கம் கிடைச்சது. கனடாவின் டாசனிலிருந்து அங்கே போக சுமார் ஆயிரம் மைல். ரோடு கிடையாது, உறைந்த யூகான் நதிதான் பெரும்பாலும் பாதை. சறுக்குவண்டின்னா நாய்களுக்குத் தீனி போடணும். சைக்கிளுக்கு அது வேண்டாமே!

எட் ஜெஸ்ஸன் 1900 பிப்ரவரியில் கிளம்பினார். குளிரில் பேரிங் எண்ணெய் உறைந்து, டயர் விறைத்துவிட்டது. மார்ச் 2-ல் கிளம்பிய மாக்ஸ் ஹிர்ஷ்பெர்க், சறுக்குவண்டி பதித்த குறுகலான தடத்திலேயே ஓட்டினார். கொஞ்சம் விலகினாலும் புதைபனி. வசந்தம் வந்து பனி உருக, தண்ணீரில் விழுந்தார். கடைசியில் செயினும் அறுந்தது. கோட்டைக் கழற்றிப் பாய் மாதிரி கட்டி, காற்று தள்ள மே 19-ல் நோம் சேர்ந்தார்.

தனியா சாதிச்சார்னுதான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா அந்தத் தடத்தைப் போட்டது யாரு? தீனி செலவுன்னு வேண்டாம்னு விட்ட அதே நாய்கள்தானே!