தஞ்சை விமானமும் நாகைக் கடலும்

காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லை. வயலும் தென்னந்தோப்புமாய் விரியும் அந்நிலத்தில் தொலைவிலுள்ள ஓரிடத்தைக் குறிவைத்து நோக்க வேண்டுமாயின், கோயிலின் மேல்தான் ஏற வேண்டும். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, தென்னாட்டை முக்கோணங்களாகப் பகுத்து வந்த வில்லியம் லாம்டன் 1808-இல் தஞ்சையில் அதையே செய்தார்.

அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடையுடையது. கோணம் அளக்கும் அதன் வட்டம் மட்டுமே மூன்றடி விட்டம். 1010-இல் முதலாம் இராசராசன் நிறைவு செய்த பெரிய கோயிலின் விமானத்தில் அதை ஏற்றுகையில், சுவரில் இடிக்காதவாறு விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி கல்லில் மோதி வட்டம் நெளிந்தது. வேறொருவராயின் இலண்டனுக்கு எழுதிவிட்டு ஓய்ந்திருப்பர். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர எவரையும் உள்ளே விடவில்லை. பலகையில் உரிய அளவில் ஒரு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அதனோடு பொருத்தினார். ஆறு வாரங்களில் பழைய வடிவம் ஏறத்தாழ மீண்டது.

அவ்விமானம் தரையிலிருந்து 60 மீட்டருக்குச் சற்று மேல். தஞ்சை நகர் கடல்மட்டத்திலிருந்து நிற்கும் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் கடல் ஓரிடத்தில் நிற்பதில்லையே! எனவே ஓதத்தின் ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் குறித்து, அதன் சராசரியைச் சுழியமாகக் கொண்டனர். 1909-இல் நிறைவுற்ற இந்திய மட்டஅளவை வலைக்கு ஆதாரமான ஒன்பது துறைமுகங்களுள் நாகப்பட்டினமும் ஒன்று. கராச்சி, மும்பை, கொச்சி, சென்னை ஆகியவற்றோடு நாகையிலும் கடல் ஒரே மட்டம் என்றே கொள்ளப்பட்டது. அது முற்றிலும் உண்மையன்று. கடலுக்கும் மேடுபள்ளம் உண்டு.

இச்சுழியம் ஏட்டளவில் நிற்பதன்று. சமவெளியில் ஒரு சாண் உயரமும் சோறு. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால் வெள்ளம் அங்கே சாய, காவிரி மணல் மேவித் தூர்ந்து வந்தது. ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டி அதைத் தடுத்தார். பின்னர் காவிரியில் நீர் மிகவே, அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்த நேர்ந்தது. வாய்க்காலில் நீர் ஏறவில்லை என்று கடைமடை உழவர் முறையிடுவதும் இம்மட்டக் கணக்கையே. அளவு, சமம், தாழ்வு என முப்பொருளும் ஒரே சொல்லில் அடங்குவதைப் பாவலர் கருதலாம்.

விமானம் என்னும் சொல்லின் மற்றொரு பொருளுக்கு வருவோம். தஞ்சை விமானப்படைத் தளத்தில் இறங்கும் விமானியின் அழுத்த உயரமானி உண்மையில் அளப்பது காற்றின் அழுத்தத்தை. அன்றைய அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டுக் கருவியில் பொருத்தினால்தான், அது கடலிலிருந்து உயரம் காட்டும். செயற்கைக்கோள் வழி அளக்கும் கருவியோ கடலையே விட்டுவிட்டு, கணிதத்தால் வகுத்த ஒரு நீள்கோளப் பரப்பிலிருந்து தொடங்குகிறது. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்திருப்பதன் விளைவாக, நம் பக்கத்துக் கடல்மட்டம் அப்பரப்புக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத கருவியைப் பெரிய கோயில் முற்றத்தில் வைத்தால், தஞ்சை சுழியத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கீழே என்று காட்டும். கழித்தல் குறி மறைய வேண்டுமாயின், லாம்டனைப் போல் விமானத்தின் மேல் ஏற வேண்டும்.