இரவல் பிரம்பு

ஆங்கிலேயர் வகுத்த பள்ளிமுறை ஊர்தோறும் பரவுவதற்கு முன் தமிழகத்துச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தவை திண்ணைப் பள்ளிகள். வீட்டுத் திண்ணையிலோ மண்டபத்திலோ ஒற்றை ஆசிரியரை நம்பி நடந்த அவற்றில், மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைகள் பின்னர் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் முன்னேறினர். அங்கு வழங்கிய கடுந்தண்டனைகளை வாத்தியாரின் முன்கோபமாக மட்டும் காண்பது போதாது. மகனைச் சேர்க்க வரும் தந்தை, கண் இரண்டையும் விட்டுவைத்தால் போதும், மற்றபடி தோலை உரித்தாலும் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாக இருந்ததால், ஆசிரியர் கையிலிருந்த பிரம்பு வீட்டார் கொடுத்த இரவலாகவே கருதத்தக்கது.

அத்தண்டனைகளுள் கொடியது கோதண்டம். விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிச் சிறுவன் அந்தரத்தில் தொங்க வேண்டும் என்பதே அது. பள்ளிக்கு வராமல் ஒளிந்தவனைச் சட்டாம்பிள்ளை, அதாவது ஆசிரியருக்குத் துணையாக வகுப்பை மேய்க்கும் மூத்த மாணவன், ஆள்கூட்டிச் சென்று தூக்கிவருவான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட பள்ளிக் கணக்கெடுப்புக்காக, பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையும் இத்தகைய ஒழுங்கைப் பதிவு செய்கிறது. அதன்படி, காலையில் முதலில் வருபவன் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரும் இரண்டாமவன் கையில் சுழியமும் எழுதப்பட்டன. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என, பிந்தி வந்தவர்களுக்கெல்லாம் அடி ஒவ்வொன்றாகக் கூடியது. கூரையிலிருந்து தொங்கவிடுவதையும் இடைவிடாமல் மண்டியிட்டு எழச் செய்வதையும் குறிப்பிடும் அவர், பின்னது உடல்நலத்துக்கு உகந்ததாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொள்கிறார்; தொங்கியவர்களிடமோ மண்டியிட்டவர்களிடமோ கருத்துக் கேட்கும் வழக்கம் அக்கணக்கெடுப்பில் இல்லை.

1826இல் தொகுக்கப்பட்ட அக்கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஆசிரியர் வருவாய் பெரும்பாலும் மாதம் ஆறேழு ரூபாயைத் தாண்டுவதில்லை என மன்றோ எழுதினார். பெற்றோர் தரும் காசிலும் தானியத்திலும் பிழைத்தவர், தம் உழைப்பை அவர்களுக்கு மெய்ப்பிக்கக் கண்டிப்பையே காட்ட வேண்டியிருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

இதற்குச் சில பத்தாண்டுகள் முன்னரே திண்ணைப் பள்ளியின் ஒரு பகுதி கடல் கடந்திருந்தது. சென்னை எழும்பூர் ஆண் அனாதை விடுதியை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், மணலெழுத்தையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் உள்ளூர்ப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அவர் பிரம்பை எடுத்துக்கொள்ளவில்லை. பிழைகளைக் குறிக்கக் கரும்பதிவேடும் தீர்ப்புச் சொல்ல மாணவர் நடுவர் குழுவும் வைத்தார். அதே முறையை இலண்டன் ஏழைப் பிள்ளைகளிடம் பரப்பிய ஜோசப் லங்காஸ்டரும் அடியை வெறுத்தவரே. ஆயினும் குற்றம் செய்தவனைக் கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டுப் பிறர் நகைக்கச் செய்தார். எழும்பூரில் கைவிடப்பட்ட பிரம்பின் இடத்தை இலண்டனில் அவமானம் நிரப்பியது.

பெற்றோரின் இரவலுக்கு எழுத்துவடிவம் கொடுத்தது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பாதுகாவலரோ அவர் இசைவுடன் மற்றவரோ நல்லெண்ணத்துடன் செய்யும் செயல், சில வரம்புகளுக்குள் குற்றமாகாது என்றது அதன் 89ஆம் பிரிவு. இசைவு யாருடையது என்பதில் குழந்தைக்கு இடமில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில், மாணவனை அடித்துக் கொன்ற தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர் தந்தையின் அனுமதியைக் காட்டி வாதாடினார். அளவுகடந்த அடிக்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது; அளவான அடியோ, தந்தையிடமிருந்து ஆசிரியருக்கு வந்த உரிமையாகவே அத்தீர்ப்பில் நிலைத்தது.

குழந்தை உரிமைகளுக்கான 1989ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் பள்ளிகளில் தடை செய்தது. இரவல் வாங்கியவரிடமிருந்து பிரம்பு பறிக்கப்பட்டதே தவிர, கொடுத்தவரின் கையை அப்பிரிவு தொடவில்லை. பழைய 89ஆம் பிரிவின் விலக்கும், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் வேறோர் எண்ணில் தொடர்கிறது.