குழந்தை இதயத்தின் அளவு

‘இதயம் பெருத்திருக்கிறது’ என்று ஒரு மருத்துவர் கூறுவாராயின், பெருக்காத இதயத்தின் அளவை அவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். குழந்தையோ ஆண்டுதோறும் வளர்வது. அதனை அளக்கும் கோலும் உடன் வளர வேண்டும். அக்கோல் பிறந்த வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1761-இல் வியன்னா மருத்துவர் ஔவன்புருக்கர், மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையால் உள்ளுறுப்பின் நிலையை உணரும் முறையை வெளியிட்டார். அவர் விடுதிக்காரர் மகன்; மதுப்பீப்பாயைத் தட்டிப் பார்க்கும் வழக்கமே இதற்கு வித்து என்பர். 1895-இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிர் இதயத்தின் நிழலைக் காட்டிற்று. உள்ளிருக்கும் நான்கு அறைகளைப் பிரித்துக் காட்டவில்லை.

அக்காலத்து மலாயாவில் பெரிபெரி நோய் பலரை மாய்த்தது. அதன் ஒரு வகையில் உடல் வீங்கி, இதயம் பெருத்துத் தளரும். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் இதற்கு இரையாக, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பியதை மருத்துவர் பிராடன் 1907-இல் தம் நூலில் எடுத்துக்காட்டினார். பிரேசர், ஸ்டாண்டன் என்னும் அறிஞர் இருவர் நெகிரி செம்பிலானில் தொழிலாளரை இரு குழுவாகப் பிரித்து ஆராய்ந்து, அரிசியின் வேறுபாடே காரணம் என நிறுவினர். நெல்லைப் புழுக்குங்கால் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. நோய்க்குக் காரணம் விளங்கிற்று. உயிருள்ள இதயத்தின் அறையை அளக்கும் வழி மட்டும் பின்னும் நெடுங்காலம் கிட்டவில்லை.

அவ்வழி சுவீடனில் திறந்தது. உலோகத்தின் உள்வெடிப்பைக் கண்டறியக் கப்பல் பட்டறைகளில் கேளா ஒலிக் கருவி வழங்கிற்று. லுண்ட் நகரத்து மருத்துவர் எட்லரும் இயற்பியலார் ஹெர்ட்ஸும் அத்தகைய கருவியைக் கொண்டு 1953 அக்டோபர் 29-இல் துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிந்தனர். உடல் தசையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். சென்று மீளும் நேரத்தைக் கணித்தால் சுவரின் தொலைவு தெரியும். இரு சுவர்க்கு இடைப்பட்ட தொலைவே அறையின் அளவு. இதில் கதிரியக்கம் இல்லை. ஆகலின் நோயற்ற குழந்தைகளையும் தயக்கமின்றி அளக்கலாயிற்று.

அளவை எதனோடு ஒப்பிடுவது? உயரமும் எடையும் கொண்டு உடற்பரப்பைக் கணிக்கும் வாய்பாட்டை டுபுவா என்னும் பெயருடைய இருவர் 1916-இல் வகுத்தனர். அத்தகைய பரப்புக்கேற்பவே அறையின் இயல்பளவு குறிக்கப்படுகிறது. சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நலமான குழந்தைகள் அடங்குவர். எனினும் பருமனான குழந்தையின் எடை கணித்த பரப்பை உயர்த்திவிடும். உண்மையில் பெருத்த இதயமும் அப்பொழுது இயல்பானதாகத் தோன்றக்கூடும்.

இன்னொரு வினாவும் உண்டு: அட்டவணை எந்நாட்டுக் குழந்தைகளை அளந்து எழுதப்பட்டது? பெயர்பெற்ற அட்டவணைகள் பல மேனாட்டுக் குழந்தைகளைக் கொண்டவை. ஈயச் சுரங்கமும் பால்மரக் காடும் சூழ்ந்திருந்த பீடோரில் வளரும் பிள்ளையை, ஒருபோதும் காணாத ஊர்ப் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்தல் போதாது. உணவும் உடல்வாகும் இடத்துக்கிடம் மாறுவன என்பதைப் பெரிபெரியின் வரலாறே நமக்குக் கற்பித்தது. ஆதலின், நோயற்ற பிள்ளையை ஆராய்ச்சிக்காக அளக்க இசைவு கேட்கும்பொழுது, ‘நலமாக இருப்பவனுக்கு இது எதற்கு?’ என்று பெற்றோர் வினவுதல் இயல்பே. அவன் அளவு, நோயுற்ற மற்றொரு பிள்ளைக்கு அளவுகோலாகும் என்பதை எடுத்துரைத்தல் ஆசிரியர் கடமை.