காலுக்கு வேலை வைத்த விமானங்கள்

புஷ்பக் பயிற்சி விமானத்தில் சொல்லிக்கொடுத்த என் போன்றவர்கள் மாணவனின் கையைவிடக் காலைத்தான் கவனிப்போம். தரை தொட்டாயிற்று என்று அவன் கால் ஓய்ந்தால் போதும், விமானம் மூக்கைத் திருப்பிக்கொண்டு சுழலும். அதுதான் கிரவுண்ட் லூப். இறக்கை நுனி தரையில் உரசும். சில நேரம் சக்கரத்தின் காலே மடங்கிவிடும். பழி பையன்மேல் விழும்.

சக்கரம் இருக்கும் இடத்தை யாரும் குறை சொன்னதில்லை. வால் சக்கர விமானத்தில் எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஓட்டத்தில் மூக்கு லேசாகத் திரும்பினாலும் பின்னாலிருக்கும் கனம் முந்தப் பார்க்கும், இறகு முன்னால் இருக்கும்படி எய்த அம்பு மாதிரி. வேகம் குறையக் குறைய, காலால் இயக்கும் வால் சுக்கானான ரட்டரும் வலுவிழக்கும்.

இப்படி வடிவமைத்த பழைய ஆட்கள் முட்டாள்கள் அல்ல. 1931-ல் முதலில் பறந்த டைகர் மாத் பயிற்சி விமானத்துக்கு பிரேக்கும் இல்லை, வால் சக்கரமும் இல்லை. வாலடியில் ஒரு சறுக்குத் தாங்கிதான். புல்தரையில் அது மண்ணைக் கீறிக்கொண்டே வாலை நேராகப் பிடித்தது, வேகத்தையும் தணித்தது. மைதானம் நாலாபக்கமும் திறந்து கிடந்ததால் காற்றை எதிர்கொண்டே இறங்கலாம். கெடுத்தது கான்கிரீட் ரன்வே என்பது என் கட்சி. அது கிடக்கும் திசையில்தான் இறங்கியாக வேண்டும். காற்றோ பக்கவாட்டில் வந்து வாலைத் தள்ளும். தாங்கி கீறுவதற்கு மண்ணும் இல்லை.

இதற்குத் தீர்வான மூக்குச் சக்கரம் புதிதல்ல. கிளென் கர்ட்டிஸின் 1909 விமானமே மூன்று சக்கர வண்டிதான். ஆனால் சிறு விமானத்துக்கு அதை மறுபடி கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் வைக். 1937-ல் பறந்த அவருடைய எர்கூப்பில் ரட்டர் பெடலையே எடுத்துவிட்டார்! 1956-ல் செஸ்னா நிறுவனம் தன் 170-க்கு மூக்குச் சக்கரம் வைத்து 172 என்று விற்றது. அத்தோடு பயிற்சிக் களத்தில் வால் சக்கரத்தின் ஆட்சி சரியத் தொடங்கியது.

எங்கள் புஷ்பக் 1958-ல் முதலில் பறந்தபோதும் வால் சக்கரத்தோடுதான் வந்தது. அதில் வியப்பில்லை; மண் தரைக்கு அது ஏற்றதுதான். அதே வைக், பைப்பர் நிறுவனத்துக்காக வயல்களில் மருந்து தெளிக்கும் பானீ விமானத்தை வடிவமைத்தபோது, அதற்கு வைத்தது வால் சக்கரம்தான்.