கால் வீக்கம்: காரணங்களும் நிவாரணமும்

கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக மறைந்தால், அங்கு நீர் தேங்கியுள்ளது எனக் கொள்ளலாம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தி, மக்காச்சோளக் காடுகளிலும் சிமெண்ட் ஆலைகளிலும் நெடுநேரம் நின்று பணிபுரிவோருக்கு மாலையில் இரு பாதங்களும் வீங்குவதுண்டு. படுக்கும்போது கால்களைத் தலையணை மீது, இதய மட்டத்திற்கு மேல் உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் காலைக்குள் வடிந்துவிடும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றைக் குறைப்பதும் உதவும்.

இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கக்கூடும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக் கடையில் நீர் பிரியும் மாத்திரை வாங்கி உண்பதும் தவறு. இவ்வகை வீக்கத்திற்கு அது பெரும்பாலும் பயன் தராது. உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கவும் கூடும்.

காலையிலும் வடியாத வீக்கம், முகவீக்கம், நுரைத்த சிறுநீர் ஆகியவை இருப்பின் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். ஒரே காலில் திடீரென வீக்கமும் வலியும் தோன்றினால் அது இரத்த உறைவாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ, கர்ப்பிணிக்கு வீக்கத்துடன் கடும் தலைவலி, பார்வை மங்கல் ஏற்பட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.